குளிர்விக்கும் நீரும் அதிற் கரைந்த காபனீரொட்சைட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரைக் கேத்திலிற் காய்ச்சும் இல்லத்தார் யாவரும் ஒரு காட்சியை நன்கறிவர். சில திங்கள் கழிந்ததும் கேத்திலின் உட்புறத்தே வெண்மையான கற்படை ஒன்று படிந்துவிடும். சுரண்டினாற் செதில் செதிலாகப் பெயரும். தேசிக்காய்ச் சாற்றை விட்டால் நுரைத்துக் கரையும். வீட்டில் இதனால் விளையுந் தொல்லை சிறிது. நீர் கொதிக்கச் சற்றுக் கூடுதலான எரிபொருள் வேண்டும், அவ்வளவே. ஆயின் இதே படை ஒரு மின்னிலையத்தின் ஒடுக்கியிலுள்ள ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களினுள்ளே படியுமாயின், அந்நிலையம் ஒவ்வொரு நாளும் வீணே எரிக்கும் எரிபொருளுக்குக் கணக்கு வேறாகும். செம்பு, இக்கற்படையினும் நூறு மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தவல்லது. ஆதலின் கடதாசித் தாளின் தடிப்பேயுள்ள படையும் குழாயின் சுவர் முழுவதையும் விட அதிகமாக வெப்பத்தைத் தடுத்து நிற்கும்.

படிதல் ஒரு தீமை, கரைத்தல் மற்றொன்று. அதே நீர் சிறிது வேறுபட்ட நிலையில் இருப்பின் கல்லைப் படியவிடாமை மாத்திரமன்றி, முன்னர்ப் படிந்த கல்லையும், இரும்புக் குழாயையும், சீமந்துச் சுவரையுங் கூடத் தின்னத் தொடங்கும். குடாநாட்டின் நிலத்தடியிலே சுண்ணக்கல்லிற் குகைகளையும் பிளவுகளையும் உண்டாக்கியதும், நிலாவரை போன்ற ஆழ்கிணறுகளுக்கு வழி வகுத்ததும் இந்தத் தின்னுதலேயாம். மழைநீர் மண்ணூடே இறங்குகையில், வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசித்து விட்ட காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொள்கின்றது. ஏற்ற நீர் சுண்ணக்கல்லைக் கரைக்கின்றது. கரைத்த நீர் கிணற்றில் ஊறுகின்றது. கிணற்று நீர் கேத்திலிற் கொதிக்கும்போது வாயு வெளியேற, கல் மீண்டுங் கல்லாகின்றது. நிலத்தின் கீழ் நிகழ்ந்தது அடுப்பின் மேல் தலைகீழாய் நிகழ்கின்றதென்க. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே துலாக்கோலின் நாவாக நிற்பது நீரிற் கரைந்துள்ள காபனீரொட்சைட்டின் அளவு. கைத்தொழிலிலே குளிர்விக்கப் பயன்படும் நீரில் அவ்வளவை எவ்வாறு அறிவது, அறிவதில் எங்கே ஏமாறுகின்றோம் என்பனவே ஈண்டு ஆராயப்படுவன.

முதலில் அவ்வாயு நீரினுள் எந்நிலையிற் கிடக்கின்றது என்பதைக் காண்போம். சுண்ணக்கல்லினுள்ளும் மகனீசியா அல்பாவினுள்ளும் ஒரு வாயு கட்டுண்டு கிடக்கின்றதென்பதை ஸ்கொத்லாந்து அறிஞர் யோசேப்பு பிளாக் என்பார் 1750களிலே நிறுவினர். ஒரு வாயு நீரிற் கரையும் அளவு, நீரின் மேல் அவ்வாயு செலுத்தும் அமுக்கத்துக்கு நேர்விகிதமாகும் என 1803இல் வில்லியம் என்றி கண்டார். 25 பாகை செ. வெப்பநிலையிலே, தூய காபனீரொட்சைட்டு ஒரு வளிமண்டல அமுக்கத்தில் நீருடன் தொட்டுநின்றால் ஓர் இலீற்றர் நீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிராம் கரையும். ஆனாற் சாதாரண காற்றில் இன்று அவ்வாயு பத்து இலட்சத்தில் 420 பங்கிற்குச் சற்று மேலாகவே உள்ளது. ஆதலின் காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரில் ஓர் இலீற்றருக்கு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் மாத்திரமே தங்கும். கிணற்று நீரிலோ 20, 40, சிலவேளை அதற்கு மேலும் மில்லிகிராம் காணப்படும். காற்றைக் கண்டவுடன் அது வெளியேறத் துடிப்பது இதனாலேயே. சோடாப் போத்தலைத் திறந்தாற் பொங்குவதை ஒத்த நிகழ்ச்சியே இது. கண்ணுக்குப் புலப்படாத அளவில் அமைதியாக நிகழ்கின்றது, அத்துணையே வேறுபாடு.

கரைந்த வாயு முழுவதும் காபோனிக்கமிலமாக மாறிவிடுகின்றதென மாணவர் பலர் எண்ணுவர். அஃதன்று. கரைந்த மூலக்கூறுகளில் ஏறக்குறைய அறுநூற்றில் ஒன்றே உண்மையான அமிலமாகின்றது. எஞ்சியன கரைந்த வாயுவாகவே நிற்கின்றன. அன்றியும், வாயு அமிலமாக மாறுவது கண்ணிமைப்பொழுதில் நிகழ்வதன்று. அறை வெப்பநிலையிற் பாதியளவு மாறுதற்கே இருபது செக்கன் வரையிற் செல்லும். இரசாயன மாற்றங்களுள் இது ஆமை நடை. இவ்வாமை நடை பின்னர் எமது பரிசோதனைக் குடுவையிலே ஒரு தொல்லையாகத் தலைகாட்டும்.

நீரில் மூன்று உருவங்கள் உளவென்று கொள்ளலாம்: கட்டற்ற காபனீரொட்சைட்டு, இருகாபனேற்று, காபனேற்று. நீரின் பீ.எச். பெறுமானம் 6.3 அளவில் முதலிரண்டும் சமமாயிருக்கும்; 10.3 அளவிற் பின்னிரண்டும் சமமாயிருக்கும், இடையே 8.3 அளவில் ஏறக்குறைய எல்லாம் இருகாபனேற்றே. கல்சியம் இருகாபனேற்று நீரிற் கரைந்து நிற்பது. கல்சியம் காபனேற்றோ மிக அரிதிற் கரைவது. ஆதலிற் சுண்ணாம்பைக் கரைசலில் வைத்திருக்க வேண்டுமாயின், ஒரு குறித்த அளவு கட்டற்ற காபனீரொட்சைட்டு அங்கே காவல் நிற்க வேண்டும். காவல் குறைந்தாற் கல் படியும். காவல் மிஞ்சினால் நீர் கல்லைத் தின்னும். இம்மிஞ்சிய பகுதியைத் தாக்குங் காபனீரொட்சைட்டு என வேறுபிரித்துக் காட்டியவர்கள் செருமானிய அறிஞராகிய தில்மன்சு, ஒயிபிளைன் என்னும் இருவர், ஆண்டு 1912. மிஞ்சியது முழுவதும் தாக்குதற்குக் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே கவனித்தல் வேண்டும். ஒரு பகுதி சுண்ணக்கல்லைக் கரைத்தவுடன் நீரில் இருகாபனேற்றுக் கூடுகின்றது. கூடிய இருகாபனேற்றுக்குக் கூடிய காவல் வேண்டும். ஆகவே மிஞ்சியதில் ஒரு பகுதி தாக்காது காவலிற் சேர்ந்துவிடுகின்றது.

1936இல் கலிபோனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் இலாங்கிலியர் இதனையே பொறியியலாளர் கையாளத்தக்க ஓர் எண்ணாகச் சமைத்தார். நீரின் கல்சியம், காரத்தன்மை, வெப்பநிலை, கரைந்துள்ள உப்பு ஆகியவற்றைக் கொண்டு, அந்நீர் சுண்ணாம்போடு சமநிலையில் நிற்றற்குரிய பீ.எச். யாது எனக் கணித்துக்கொள்க. உண்மையில் அளந்த பீ.எச். இலிருந்து அதனைக் கழிக்க. விடை நேரெனின் நீர் படியவிடும், மறையெனின் தின்னும். எளிமையான சூத்திரம்; இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. ஆனால் அது திசையைக் காட்டுமேயன்றித் தூரத்தைக் காட்டாது. எவ்வளவு கல் படியும், எத்துணை விரைவிற் படியும் என்ற வினாக்களுக்கு அதில் விடையில்லை. அதனைத் தெய்வவாக்காகக் கொண்டு இடர்ப்பட்டோர் உளர்.

எண்கள் கொண்டு இதனை விளக்குவாம். ஒரு கிணற்று நீரின் காரத்தன்மை, கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு, ஓர் இலீற்றருக்கு 200 மில்லிகிராம், கல்சிய வன்மையும் 200, பீ.எச். 7.0 எனக் கொள்க. காரத்தன்மையை இரண்டாற் பெருக்கி, பீ.எச். 6க்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் பத்தால் வகுத்துவரின் கட்டற்ற காபனீரொட்சைட்டு மில்லிகிராமில் ஏறக்குறையக் கிடைக்கும். இங்கே 400ஐப் பத்தால் வகுக்க 40 மில்லிகிராம். இந்நீர் 25 பாகை செ. வெப்பநிலையிற் சுண்ணாம்போடு சமநிலையில் நிற்கவேண்டிய பீ.எச். ஏறக்குறைய 7.3. அந்நிலையிற் காவலுக்கு வேண்டியது 20 மில்லிகிராம் மாத்திரமே. ஆகவே இந்நீர் தின்னும் நீர். அதே நீரை 45 பாகைக்குச் சூடாக்கினாற் சமநிலைக்குரிய பீ.எச். 7.0 அளவிற்கு இறங்கிவிடும். ஏனெனிற் கல்சியம் காபனேற்று சீனியைப்போலன்றிச் சூடேறச் சூடேறக் குறைவாகக் கரையும் இயல்பினது. அதற்கு மேலும் சூடேறின் படியத் தொடங்கும். ஒரே நீர், ஒரே குழாய்த்தொடரின் குளிர்ந்த முனையில் இரும்பைத் தின்று, சூடான முனையிற் கல்லைப் படியவிடுதல் இவ்வாறு இயல்கின்றது.

இனிக் கைத்தொழிற்சாலைக்குட் புகுவோம். குளிர்விக்கும் நீரைக் கையாளும் முறைகள் பல. ஆற்றிலிருந்தோ கடலிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எடுத்து ஒரு முறை செலுத்திவிட்டுக் கழித்துவிடுதல் ஒன்று. மூடிய சுற்றிலே அதே நீரை ஓயாது சுழலவிடுதல் மற்றொன்று. சூடேறிய நீரைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து சிதறவிட்டு, எதிரே வருங் காற்றாற் குளிரச் செய்து மீண்டும் பயன்படுத்துதல் மூன்றாவது. மின்னிலையங்களுக்கருகே இடை சிறுத்து நிற்கும் பெருங் கோபுரங்களைப் படங்களிற் கண்டிருப்போம். அவ்வடிவத்தை முதன்முதலில் வான் இத்தர்சன் என்னும் ஒல்லாந்துப் பொறியியலாளர் 1918இல் ஏர்லன் நகரத்து நிலக்கரிச் சுரங்கத்திற் கட்டுவித்தார். அக்கோபுரங்களின் வாயிலிருந்து எழுவது புகையெனப் பலர் நினைக்கின்றனர். அது நீராவி ஒடுங்கிய வெண்முகிலே.

கோபுரத்தினுள் இரண்டு காரியங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. ஒன்று ஆவியாதல். ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோயூலுக்குச் சற்றுக் கூடுதலான வெப்பத்தைக் கொண்டுசெல்லும். ஆகவே 100 கிலோகிராம் நீர் 10 பாகை குளிரவேண்டின், வெப்பம் முழுவதும் ஆவியாதலால் நீங்குமாயின், 1.7 கிலோகிராம் நீரை இழந்தாற் போதும். இழந்த நீர் தூயது, உப்புக்கள் பின்தங்குகின்றன. புதுநீர் விட்டு ஈடுசெய்யுந்தோறும் உப்பின் செறிவு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என ஏறிச்செல்லும். மற்றக் காரியம் நாம் கருதுகின்ற வாயு வெளியேறுதல். சிதறிய துளிகளைக் காற்று வருடிச் செல்கையிற் கட்டற்ற காபனீரொட்சைட்டு அள்ளுண்டு போகின்றது. 40 மில்லிகிராம் 4 ஆகலாம், 2 ஆகலாம். காவல் நீங்கியது, உப்போ செறிந்தது. இருகாபனேற்று இரண்டு மூலக்கூறாகச் சேர்ந்து ஒன்று காபனேற்றாகவும் மற்றது வாயுவாகவும் பிரியத் தலைப்படுகின்றது. கோபுரத்துக்குப் புகுமுன் தின்னும் நீராயிருந்தது, கோபுரத்தைவிட்டு இறங்குகையிற் படியவிடும் நீராகிவிடுகின்றது. கேத்திலிற் கொதியாற் செய்ததைக் கோபுரம் காற்றாற் செய்கின்றது.

இதற்குப் பரிகாரமாகப் பலவிடங்களிற் சல்பூரிக்கமிலம் அளந்து விடப்படும். அமிலம் இருகாபனேற்றை அழித்து வாயுவாக்கும். காரத்தன்மையில் 100 மில்லிகிராம் குறைக்கப்படின், 88 மில்லிகிராம் காபனீரொட்சைட்டு நீரினுள்ளேயே பிறக்கும். இவ்விடத்தே நிகழும் பிழை ஒன்று மிகவும் பரவலானது. காரத்தன்மை 200, பீ.எச். 8 உள்ள நீருக்கு அமிலம் விட்டுக் காரத்தன்மையை 100 ஆக்கியவுடன், சில யார் தூரத்திலே மாதிரி எடுத்துப் பார்க்கின் பீ.எச். 6.3 எனக் காட்டும். பணியாளன் அஞ்சுவான், அமிலம் மிகுந்துவிட்டதென எண்ணி அதனைக் குறைத்துவிடுவான். ஆனால் அக்குறைந்த பீ.எச்.க்குக் காரணம் அமிலமன்று. இன்னும் வெளியேறாத வாயு. அதே நீர் கோபுரத்தினூடே இறங்கி வாயு 2 மில்லிகிராமாகக் குறைந்த பின்னர், ஒரு துளி காரமும் சேர்க்காமலே பீ.எச். 8.0 ஆக ஏறிவிடும். அமிலத்தைக் குறைத்தவனோ அடுத்த திங்களில் ஒடுக்கிக் குழாய்களைத் தேய்த்துக் கழுவவேண்டியவனாவான். மாதிரி எடுத்த இடம் கோபுரத்துக்கு முன்னா பின்னா என்பதை எழுதாத அளவீடு அளவீடே அன்று. கோபுரத்துக்கு முன்னுள்ள குழாய் உருக்கினாலாயதெனின், 90 மில்லிகிராம் வாயு நிறைந்த நீர் அதனுட் செல்வதும் தீதே. அமிலத்தைக் கோபுரத்தின் அடித்தொட்டியில் நன்கு கலக்குமாறு விடுதல் இவ்வகையில் உகந்ததன்று, உச்சிக்குச் செல்லும் நீரில் விட்டால் வாயு உடனே பறந்துபோகும் என்பார் ஒருசாரார். குழாயின் உலோகத்தை நோக்கி முடிவு செய்தல் வேண்டும்.

அளக்கும் முறைகளுட் பழையதும் எளியதும் நியமிப்பு முறையே. 100 மில்லிலீற்றர் நீரில் பினோத்தலீன் சில துளி விட்டு, நாற்பத்துநான்கில் ஒரு பங்கு நேர்த்திறனுள்ள சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலை அளவியிலிருந்து மெல்லச் சேர்க்க வேண்டும். வெளிறிய இளஞ்சிவப்பு அரைநிமிடம் வரை நிலைக்குமாயின் முடிவு. நாற்பத்துநான்கு என்னும் எண் வேடிக்கைக்கு வைத்ததன்று. காபனீரொட்சைட்டின் மூலக்கூற்று நிறை 44 ஆதலின், சேர்த்த ஒவ்வொரு மில்லிலீற்றரும் ஓர் இலீற்றருக்கு 10 மில்லிகிராமைக் குறிக்கும். கணக்கிடும் வேலையே இல்லை. ஆனால் முன்னர்க் கூறிய ஆமை நடை இங்கே வருகின்றது. சிவப்பு தோன்றும், மாணவன் மகிழ்வான், சில செக்கனில் மறையும். இன்னும் அமிலமாகாது நின்ற வாயு மெல்ல மாறிவந்து காரத்தை உண்பதே அம்மறைவின் காரணம். குடுவையைக் குலுக்கினால் விரைவில் முடியுமென எண்ணிக் குலுக்குவோர், வாயுவைக் காற்றுக்குத் தானம் செய்துவிட்டுக் குறைந்த விடையைப் பெறுவர். முதன்மாதிரியில் ஏறக்குறைய எவ்வளவு காரம் வேண்டுமெனக் கண்டுகொண்டு, இரண்டாவது மாதிரியில் அவ்வளவில் பெரும்பகுதியை ஒரே முறையில் விட்டு, மென்மையாகக் கலக்கி, எஞ்சியதைத் துளித்துளியாக முடித்தலே நேரிய வழி. காரக் கரைசலும் காற்றிலிருந்து அதே வாயுவை உறிஞ்சிப் பலமிழக்கும் இயல்பினது. திறந்த போத்தலிற் சென்ற ஆண்டிலிருந்து நிற்கும் கரைசலை நம்பக்கூடாது. படிதலைத் தடுக்க இக்காலத்தில் நீருடன் சேர்க்கப்படும் பொசுபேற்றுக்களும், இரும்பு, அலுமினிய உப்புக்களும் தாமுங் காரத்தை உண்டு விடையைப் பெருக்கிக் காட்டும். ஆகவே மருந்திட்ட கோபுர நீருக்கு இம்முறை அத்துணை ஏற்றதன்று. கிணற்று நீருக்கு நன்று.

முறையினும் பெரிது மாதிரி. சில ஆண்டுகளுக்கு முன், பெயர் வேண்டாத ஒரு தொழிற்சாலைக்கு மாணவர் சிலருடன் சென்றிருந்தோம். கிணற்று நீரை எந்திரத்தைச் சுற்றி ஒருமுறை செலுத்திக் கழித்துவிடும் அமைப்பு அங்கிருந்தது. இரும்புக் குழாயின் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டையாகின. நீர் குற்றமற்றது, பீ.எச். 7.3, சமநிலையிலுள்ளது என்று பரிசோதனைத்தாள் கூறியது. எனவே குழாய் விற்றவரிடம் வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாதிரி எவ்வாறு எடுக்கப்படுகின்றதெனக் கேட்டோம். காலையில் ஒரு போத்தலிற் பாதிக்கு நீர் பிடித்து, மோட்டார் வண்டியில் வைத்து, நகரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது வழக்கம் என்றனர். பாதி நீரும் பாதிக் காற்றுமாகிய போத்தலைக் குலுக்கிக்கொண்டு சென்றால் நிகழ்வதென்ன? 25 பாகை வெப்பநிலையில், ஒரே கனவளவுள்ள நீருங் காற்றும் சமநிலையடையின், கட்டற்ற காபனீரொட்சைட்டிற் பாதிக்கு மேல் காற்றுக்குச் சென்றுவிடும். 40 மில்லிகிராம் 18 ஆகும். பீ.எச். 7.0 இலிருந்து 7.3 ஆக ஏறும். அன்று கிணற்றடியிலேயே கருவியை வைத்து அளந்தபோது கிடைத்தது 7.0. தின்னும் நீர், பயணத்திலே சமநிலை நீராக வேடம் மாறியிருந்தது. மேலே எடுத்துக்காட்டாகத் தந்த எண்கள் அந்நீரை ஒட்டியனவே.

மாதிரி எடுக்கும் நெறி கடினமானதன்று. குழாய்வாயில் ஒரு நெகிழ்குழாயைப் பொருத்தி, அதன் நுனியைப் போத்தலின் அடிவரை இறக்கி, போத்தலின் கனவளவுக்கு இரண்டு மூன்று மடங்கு நீர் வழிந்தோட விட்டு, குமிழி ஒன்றும் உள்ளே தங்காதபடி தக்கையிட வேண்டும். எடுத்த நீரைச் சூடேறவிடலாகாது. இயலுமிடமெல்லாம் அவ்விடத்திலேயே அளந்துவிடுவது எல்லாவற்றினுஞ் சிறந்தது. காரத்தன்மையோ வாயு வெளியேறுவதால் மாறுவதில்லை. அதனை ஆய்வுகூடத்தில் ஆறுதலாக அளக்கலாம். பீ.எச்., காரத்தன்மை, வெப்பநிலை என்னும் மூன்றிலிருந்து வாயுவைக் கணித்துவிடலாம் என்பதால் இம்முறையே பெருவழக்காயிற்று. ஆயினும் பீ.எச். அளவில் 0.1 பிழையாயின் விடையிற் கால்வாசிக்கு மேற் பிழையாகும் என்பதை மறத்தலாகாது. கண்ணாடி மின்வாயை நியமக் கரைசல்களிற் சரிபார்க்காமல் ஒரு மாதம் பயன்படுத்துவோன் பெறும் எண்ணுக்கு அப்பிழை எளிதில் வந்துவிடும்.

வாயுவை நேராகவே உணரும் கருவி ஒன்று மருத்துவமனையிலிருந்து தொழிற்சாலைக்கு வந்தது. 1952இற் கோப்பன்கேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, சுவாசத்தசைகள் செயலிழந்த நோயாளருக்குச் செயற்கையாகச் சுவாசமூட்ட வேண்டியிருந்தது. ஊட்டுவது போதுமா என்பதை அறிய அவர்தம் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டை அளத்தல் இன்றியமையாததாயிற்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து இசுத்தோ என்பார் 1954இல் ஒரு வழி கூறினர். கண்ணாடி மின்வாயை மெல்லிய இறப்பர்ச் சவ்வாற் போர்த்துவிடின், அயன்கள் புகமாட்டா. வாயு மாத்திரம் புகுந்து உள்ளிருக்கும் நீர்ப்படலத்தின் பீ.எச்.ஐ மாற்றும். செவரிங்காசு என்பார் அப்படலத்திற் சிறிது சோடியம் இருகாபனேற்றைச் சேர்த்து அக்கருவியை நிலையுறச் செய்து 1958இல் வெளியிட்டார். நோயாளியின் இரத்தத்தை அளந்த அதே தத்துவம் இன்று குளிர்விக்கும் நீரையும் அளக்கின்றது. வாயு பத்து மடங்கு கூடின் உள்ளே பீ.எச். ஏறக்குறைய ஓரலகு குறையும். கோபுர நீரிலுள்ள பாசியும் வழும்பும் சவ்வை மூடிவிடுதலே அதன் முதற்பகை. விடை வருதற்குச் சில நிமிடங்கள் செல்லுதல் இரண்டாவது குறை. மற்றொரு வகைக் கருவி, நீருக்கு அமிலம் சேர்த்து எல்லா உருவங்களையும் வாயுவாக்கி, அவ்வாயு செங்கீழ்க் கதிரை எவ்வளவு உறிஞ்சுகின்றதென்று பார்க்கும். காபனீரொட்சைட்டு அக்கதிரை உறிஞ்சுவதை யோன் திண்டல் 1859இலேயே காட்டியிருந்தார். இக்கருவி தருவது மொத்தக் காபன். கட்டற்றது எவ்வளவெனப் பிரித்தறியப் பீ.எச். மீண்டும் வேண்டும்.

இதுவரை பத்து, இருபது மில்லிகிராம் என்று பேசினோம். ஒரு மில்லிகிராமின் சிறு பின்னமும் பெருந்தீங்கு செய்யும் இடம் ஒன்றுண்டு. பெரிய மின்பிறப்பாக்கிகளில், அசையாது நிற்கும் பகுதியின் செப்புக் கடத்திகள் உள்ளே துளையுடையனவாக அமைக்கப்பட்டு, அத்துளைகளூடே நேராகவே நீர் செலுத்தப்படுகின்றது. 1950களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் இம்முறை கையாளப்பட்டது. கடத்தியில் இருப்பதோ பல்லாயிரம் உவோற்று. அதனூடே ஓடும் நீர் மின்னைக் கடத்தக்கூடாதாகையால், அயன்மாற்றுப் பிசினாற் கழுவிய மிகத் தூய நீரே பயன்படும். முற்றுந் தூய நீரின் கடத்துதிறன் 25 பாகையிற் சதமமீற்றருக்கு 0.055 மைக்குரோசீமென்சு. அந்நீரைத் திறந்த பாத்திரத்திற் காற்றுப்பட வைத்தால், முன் கூறிய 0.6 மில்லிகிராம் வாயு கரைந்தவுடன் கடத்துதிறன் ஒன்றையடுத்துச் செல்லும், பீ.எச். 5.6 ஆகும்.

மின் கசிவினும் அஞ்சத்தக்கது செம்பின் நிலை. செம்பின் மேலுள்ள ஒட்சைட்டுப் படலம் நடுநிலை நீரிலும் சிறிது கார நீரிலும் உறுதியாய் நிற்கும். நீர் அமிலப்பக்கஞ் சாயின் கரைந்து சென்று, வேறோரிடத்திற் படிந்து, சில மில்லிமீற்றர் அகலமேயுள்ள துளையை அடைத்துவிடும். அடைபட்ட கடத்தி குளிர்ச்சி பெறாது சூடேறிக் காவலிப்பை எரிக்கும். இதற்காகச் சில நிலையங்களில் எரிசோடாவை மிகச் சிறிதளவு சேர்த்துப் பீ.எச்.ஐ 8.5க்கும் 9க்கும் இடையே வைத்திருப்பர். அங்கே எங்கேனும் ஒரு பொருத்துவாய் வழியே காற்றுக் கசிந்து உள்ளே வருமாயின், காபனீரொட்சைட்டு அச்சிறு காரத்தை நடுநிலையாக்கிவிடும். காற்றோடு வரும் ஒட்சிசனும் தன் பங்குக்குத் தீங்கு செய்யும்.

இத்துணைச் சிறிய அளவை நியமிப்பினாற் காணவியலாது. கடத்துதிறனையே துணைக்கொள்வர். நீரை முதலிற் கற்றயன் மாற்றும் பிசினூடே விடுவர்; சோடியம் நீங்கி அதனிடத்தில் ஐதரசன் வருவதால், சேர்த்த எரிசோடா நீராகவும், குளோரைட்டு ஐதரோகுளோரிக்கமிலமாகவும், இருகாபனேற்று காபோனிக்கமிலமாகவும் மாறும். அப்போதுள்ள கடத்துதிறனை அளப்பர். பின்னர் அந்நீரைக் கொதிநிலையை அணுகச் சூடாக்கியோ, தூய நைதரசனை ஊதியோ, வாயுவை நீக்கி, குளிரவிட்டு மீண்டும் அளப்பர். ஐதரோகுளோரிக்கமிலம் நீரிலேயே தங்கும், காபனீரொட்சைட்டோ பறந்துவிடும். இரண்டாவது அளவு முதலாவதினின்றும் பெரிதுங் குறையுமாயிற் காற்றுக் கசிவைத் தேடுக. குறையாதாயின் உப்பு எங்கிருந்து வந்ததென ஆராய்க. ஒரு மருத்துவர் காய்ச்சலின் மூலத்தைப் பிரித்தறிவது போன்ற முறை இது. இரண்டின் வேறுபாட்டை நேரே வாயுவின் அளவாகக் கொள்ளிற் சிறிது பிசகும். வலிய அமிலம் உடனிருக்கும்போது மெலிய அமிலம் முழுமையாக அயனாவதில்லை. இரு அளவுகளும் ஒரே வெப்பநிலைக்குத் திருத்தப்படாவிடின் வேறுபாடு பொருளற்றதாகும்.

மீண்டும் திறந்த கோபுரத்துக்கு வருவோமாயின், சீமந்தின் பாதுகாப்பையும் சொல்லல் வேண்டும். கட்டற்ற காபனீரொட்சைட்டிற் சுண்ணாம்பைத் தாக்கவல்ல பகுதி இலீற்றருக்கு 15 முதல் 40 மில்லிகிராம் வரையிலெனின் கொங்கிறீற்றுக்குச் சிறு தாக்கம், 100 வரை நடுத்தரம், அதற்கு மேற் கடுந்தாக்கம் என ஐரோப்பிய நியமம் வகுக்கின்றது. கோபுரத்தின் உட்சுவரை விட, கிணற்று நீரை முதலில் ஏற்கும் தொட்டியே இவ்வகையில் அதிகம் இடர்ப்படுவது. வாயு நிறைந்த புதுநீர் முதலில் முத்தமிடும் சீமந்து அதுவேயாதலின்.

வெயில் படுந் தொட்டிகளிற் பாசியும் ஒரு பங்காளி. பகலில் அது நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உணவாக எடுப்பதாற் பீ.எச். ஏறும், இரவிற் சுவாசித்து மீண்டும் விடுவதால் இறங்கும். நண்பகலிற் படியவிடும் நீர் விடியற்காலையில் அவ்வாறிராது. காலைப் பணியாளர் ஏழு மணிக்கும், அவருக்குப் பதிலாக வந்தவர் இரண்டு மணிக்கும் எடுத்த அளவுகள் மாறுபடும்போது, ஒருவர் மற்றவரைப் பிழை கூறுவதைக் கண்டிருக்கின்றோம். இருவரும் சரியாகவே அளந்திருந்தனர்; பதிவேட்டில் நேரத்துக்கென ஒரு நிரல் இல்லை.